சொத்து வந்த வழி

யாழ்ப்பாணத்தில் ஒருவர் உயில் எழுதாமல் கண்ணை மூடினால், காணி யாருக்கு என்று கேட்பதற்கு முன் அது அவருக்கு எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். பெற்றோர் வழியில் இறங்கி வந்தது என்றால் முதுசம். பெண்ணுக்குக் கல்யாணத்தின்போது எழுதிக் கொடுத்தது என்றால் சீதனம். புருஷனும் பெண்சாதியும் குடும்பம் நடத்திய காலத்தில் சேர்த்தது தேடியதேட்டம். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையின் வாரிசுக் கணக்கு இந்த மூன்றில்தான் தொடங்குகிறது.

இந்த வழக்கங்களை ஏட்டில் ஏற்றியவர் ஓர் ஒல்லாந்தர். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் இருந்து திசாவையாக, அதாவது மாவட்ட நிர்வாகியாக, பணியாற்றிய கிளாஸ் ஐசாக்ஸ், ஆளுநர் கொர்னேலிஸ் யோவான் சைமன்ஸின் உத்தரவுப்படி ஊர் வழக்கங்களைத் திரட்டி 1707ஆம் ஆண்டில் ஒப்படைத்தார். மொழிபெயர்ப்பாளர் யான் பீரூஸ் அதைத் தமிழாக்கினார். பிறகு உள்ளூர்த் தலைவர்களான பன்னிரண்டு முதலியார்களிடம் காட்டி ஒப்புதல் வாங்கினார்கள். முதலியார்களும் எல்லாம் சரி என்றுதான் சொன்னார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு குறை. வேலைக்கு அழைக்கும் நளவ, பள்ளச் சாதி அடிமைகளுக்குச் சாப்பாடு போட எசமானர்களுக்குக் கட்டுப்படியாகாதாம்! அடிமைகளும் சொத்தாகக் கைமாறிய காலம் அது. தொகுப்பில் அவர்களுக்கென்று தனிப் பகுதியே உண்டு. பெண்ணுக்குச் சொத்து கொடுத்த சமூகம் என்று தேசவழமையைப் புகழ்கிறவர்கள் அந்தப் பக்கங்களையும் புரட்டிப் பார்ப்பது நல்லது.

புகழ்ச்சியில் உண்மை இல்லாமலும் இல்லை. ஐசாக்ஸ் எழுதிவைத்தபடி, ஆதி வழக்கத்தில் தகப்பன் கொண்டுவந்த முதுசம் ஆண்மக்களுக்குப் போனது. தாயின் சீதனம் பெண்மக்களுக்குப் போனது. தேடியதேட்டத்தை இரு பாலாரும் பங்கிட்டார்கள். போர்த்துக்கேயர் காலத்தில் இந்த வரம்பு குலைந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்ற எந்தக் காணி கைக்கு எட்டியதோ அதிலிருந்து, தகப்பனின் முதுசமானாலும் சரி, சீதனம் கொடுக்கத் தொடங்கினார்கள். வாங்கிக்கொண்ட பெண்ணுக்கு அதோடு கணக்கு முடிந்தது. கூடப் பிறந்தவர்கள் இருக்கும்வரை பெற்றோரின் மிச்சச் சொத்தில் அவள் பங்கு கேட்க முடியாது.

ஆண்பிள்ளைகள் நிலையும் கொண்டாட்டமானதல்ல. கல்யாணம் ஆகும்வரை உழைத்ததெல்லாம் பெற்றோரின் பொதுச் சொத்தில் சேரும். உடம்பில் அணிந்திருக்கும் நகை மட்டும் அவர்களுடையது. பெற்றோர் கடன் வைத்துவிட்டுப் போனால், ஒரு துண்டுக் காணிகூடக் கிடைக்காவிட்டாலும் மகன்கள் அதை அடைக்க வேண்டும்.

சட்டத்தின் மனம் நன்றாகத் தெரிவது பிள்ளை இல்லாத பெண்ணின் சாவில். மூன்று சகோதரிகளில் ஒருத்தி பிள்ளையில்லாமல் இறந்தால், பழைய தொகுப்பின்படி அவளுடைய சீதனக் காணி புருஷனுக்குப் போகாது. மற்றச் சகோதரிகளுக்குப் போகும்; அவர்கள் இல்லையென்றால் அவர்களுடைய மகள்களுக்கு, பிறகு பேத்திகளுக்கு. அந்தப் பெண்வழி முழுவதும் அற்றுப்போன பிறகுதான் சகோதரர்களின் முறை. புருஷன் அந்த வளவிலேயே காலமெல்லாம் வாழ்ந்திருக்கலாம், வேலி கட்டியிருக்கலாம், கிணறு வெட்டியிருக்கலாம். ஆனாலும் காணி வந்த வழியே திரும்பிவிடும்.

விற்பதும் அவ்வளவு சுலபமில்லை. உரித்தாளிகளுக்கும் பங்காளிகளுக்கும் முதலில் சொல்ல வேண்டும். அவர்கள் வாங்க மறுத்த பிறகே வெளியார். ஒல்லாந்தர் காலத்தில் விற்பனைச் செய்தியை மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கோயிற்பற்றுத் தேவாலயத்தில் அறிவிக்க வேண்டியிருந்தது.

ஆங்கிலேயர் 1806இன் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் தேசவழமைக்குச் சட்ட வலு கொடுத்தார்கள். யாழ்ப்பாண மாகாணத்து 'மலபார் குடிகளுக்கு', அதாவது அங்குள்ள தமிழருக்கு, என்று அதில் இருந்தது. மட்டக்களப்புத் தமிழரையும் மலையகத் தமிழரையும் அது கட்டுப்படுத்தாது. யாழ்ப்பாணத்தான் என்பவர் யார், கொழும்பில் குடியேறியவரும் அதில் சேர்த்தியா என்று வழக்குகள் வந்தன. ஊருக்கு ஊர், தலைமுறைக்குத் தலைமுறை இளகிக் கொடுத்த வழக்கம், ஏட்டில் ஏறியதும் நீதிபதிகளின் வாசகமாக இறுகிப்போனது என்பதே இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது.

1911இல் வந்த யாழ்ப்பாண விவாக உரிமைகள், வாரிசுரிமைச் சட்டம் பலதையும் ஒழுங்குபடுத்தியது. கணவனோ மனைவியோ இறந்தால் தேடியதேட்டத்தில் பாதி மிஞ்சியிருப்பவருக்கு, மற்றப் பாதி இறந்தவரின் உரித்தாளிகளுக்கு. வெளியாளை மணக்கும் யாழ்ப்பாணப் பெண், மணவாழ்க்கை நீடிக்கும்வரை தேசவழமையை விட்டு வெளியேறுகிறாள். யாழ்ப்பாணத்தானை மணந்து வரும் வெளிப் பெண் அதற்குள் வருகிறாள். காணி விற்பனையில் உரித்தாளிகளும் பங்காளிகளும் முதலில் வாங்கும் உரிமைக்கு 1947இல் தனிச் சட்டம் பிறந்தது.

அதே 1911 சட்டத்தில் இன்னொரு விதி. மனைவி தன் அசையாச் சொத்தை, தாய் தகப்பன் தந்த சீதன வீட்டைக்கூட, கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் உயிரோடு இருக்கும்போது விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. கணவனுக்கு அப்படிக் கட்டுப்பாடு இல்லை. உறுதியில் பெயர் அவளுடையது, கையெழுத்து அவனுடையது. கணவன் கைவிட்டுப் போனாலோ, இருக்குமிடம் தெரியாவிட்டாலோ, காரணமின்றி மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றம் சம்மதம் கொடுக்கலாம் என்று ஒரு வாசலையும் சட்டம் திறந்து வைத்தது. உள்நாட்டுப் போரில் கணவன் காணாமல்போன வடக்குப் பெண்கள் பலருக்கு இந்த வாசல்தான் மிஞ்சியது. சொந்த வளவை விற்க, அவன் எங்கே என்று தெரியாது என்பதை முதலில் நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும்.