போர்ஷே 911: பழைய வண்டியின் பராமரிப்பும் அபிவிருத்தியும்

போர்ஷே 911 என்பது ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரின் ஸுஃபன்ஹவுசன் பகுதியிலுள்ள தொழிற்சாலையில் 1964-ஆம் ஆண்டு முதல் தயாராகி வருவதும், பின்சக்கரங்களுக்கும் பின்னால் என்ஜின் அமைந்ததும், பந்தயக் களத்திலும் சாதாரணச் சாலையிலும் ஒருங்கே கீர்த்தி பெற்றதுமான மோட்டார் கார். 1963 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் மோட்டார் கண்காட்சியில் இது 901 என்னும் பெயரோடு வெளிப்பட்டது; நடுவில் சுழி வரும் மூன்றிலக்க எண்களைக் கார்களுக்குச் சூட்டும் உரிமை பிரான்சில் தமக்கே உண்டு என்று பெஜோ நிறுவனத்தார் ஆட்சேபித்ததால் 911 ஆயிற்று. உடலின் வடிவத்தை வகுத்தவர் ஃபெர்டினாண்ட் அலெக்ஸாண்டர் போர்ஷே. 1,991 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் 130 குதிரைச் சக்தியும் கொண்ட ஆறு சிலிண்டர் என்ஜினோடு தொடங்கி, 1998 வரை காற்றினாலேயே குளிர்விக்கப்பட்டு வந்த அந்த நீண்ட வரிசையில், 1978 முதல் 1983 வரை வந்த 911 எஸ்.சி., அதையடுத்து 1984 முதல் 1989 வரை வந்த கரெரா 3.2 ஆகிய இரண்டும் இன்றும் சாலையில் ஓட்டுவதற்கென்றே பலரால் விரும்பி வைத்துக்கொள்ளப்படுவன. ஆதலால் பழைய வேக வண்டியொன்றைப் பேணுவதும் திருத்துவதும் எத்தகைய காரியம் என்பதை அவ்விரண்டையும் கொண்டே இங்கு விளக்குவோம்.

எஸ்.சி.யோடு இந்த வமிசம் முடிவடைந்திருக்க வேண்டியது. 1977-இல் வெளிவந்த, முன்புறம் எட்டு சிலிண்டர் என்ஜின் கொண்ட 928-ஏ இதன் ஸ்தானத்தைப் பெறும் என்று நிர்வாகத்தார் எண்ணியிருந்தனர். 1981-இல் தலைமைப் பொறுப்பை ஏற்ற பீட்டர் ஷூட்ஸ் அந்த எண்ணத்தை மாற்றினார். வண்டி தொடர்ந்து தயாரானதால், முன்னதில் கண்ட குறையைப் பின்னதில் தொழிற்சாலையே நீக்கிக்கொண்டு வந்தது. அவ்வாறு நீக்கிய உறுப்புகளில் பல, முந்திய வண்டியிலும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. தம்பிக்காகச் செய்ததை அண்ணனுக்குப் பூட்டும் இந்த வழியே பழைய 911-க்குச் செய்யத்தக்க அபிவிருத்திகளில் தலையாயது என்பதும், அதற்கு முன்னால், தேய்ந்தவற்றைத் தேயாத நிலைக்குத் திருப்புவதே முதற் கடமை என்பதும் இக்கட்டுரையாசிரியனின் உறுதியான அபிப்பிராயம்.

இந்த என்ஜினில் சிலிண்டர்கள் இடப்புறம் மூன்றும் வலப்புறம் மூன்றுமாகப் படுத்திருக்கின்றன. பின்னால் உள்ள பெரிய விசிறி அவற்றின் மீது காற்றை வீசுகிறது என்றாலும், உஷ்ணத்தில் கணிசமான பங்கை ஆயிலும் வெளியே கொண்டுசெல்கிறது. ஆகவே சாதாரணக் கார்களில் நான்கைந்து லிட்டரே இருக்க, இதில் பத்துப் பன்னிரண்டு லிட்டர் ஆயில், என்ஜினுக்கு அடியில் தேங்காமல், வலப்புறப் பின்சக்கரத்துக்கு அருகே தனித் தொட்டியில் நிறைந்து சுழன்று வருகிறது. இதனால் ஆயில் அளவு பார்க்கும் முறையே வேறு. மற்ற வண்டிகளில் காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது குச்சியை எடுத்துப் பார்ப்பது வழக்கம்; இதில் அப்படிப் பார்த்தால், தொட்டியிலிருந்த ஆயிலில் ஒரு பகுதி இரவில் என்ஜினுக்குள் வடிந்திருக்குமாதலால் குச்சி வறண்டே காட்டும். அதைக் கண்டு கலங்கி ஒரு லிட்டரும் இரண்டு லிட்டரும் ஊற்றிவிட்டால், வண்டி சூடேறியபின் மிகுந்த ஆயில் காற்றுக் குழாய்க்குள் புகுந்து, பின்னால் புகை மண்டலமே எழும்பும். வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைக்காமல் மெதுவாக ஓடவிட்டபடியே குச்சியைத் துடைத்துப் பார்ப்பதுதான் சரியான முறை. ஆயிலின் தன்மையும் கவனிக்கத்தக்கது: புகையைச் சுத்திகரிக்கும் சாதனத்துக்குத் தீங்கு நேராதிருக்கும் பொருட்டு இக்காலத்து ஆயில்களில் துத்தநாக, பாஸ்வரச் சேர்க்கைகளைக் குறைத்துவிட்டார்கள், கேம் தண்டும் ராக்கர் கைகளும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கித் தேயும் இப்பழைய என்ஜினுக்கு அச்சேர்க்கை மிகுந்த 20டபிள்யூ-50 போன்ற ஆயிலே உகந்தது.

வால்வு இடைவெளியைச் சரிசெய்வது இவ்வண்டியின் பராமரிப்பில் நித்திய கருமம் போன்றது. சுமார் இருபதாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை இது வந்தே தீரும். ஓரிரவு முழுவதும் நிறுத்தி ஆறவிட்ட என்ஜினில், கிராங்க் ஷாஃப்ட் புல்லியிலுள்ள இசட்1 என்னும் குறியை நேர்க்கோட்டுக்குக் கொண்டுவந்து, டிஸ்டிரிபியூட்டர் ரோட்டார் முதல் சிலிண்டரின் குறியை நோக்கி நிற்கிறதா என்று நிச்சயித்துக்கொண்டு, 0.10 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஃபீலர் கேஜ் தகட்டை வால்வின் தலைக்கும் அதை அழுத்தும் திருகுக்கும் இடையில் நுழைக்க வேண்டும். தகடு தடையின்றி ஓடினால் இடைவெளி அதிகம். நுழையவே மறுத்தால் குறைவு. எண்ணெய் தடவிய காகிதத்தை இரு விரல்களுக்கு நடுவே இழுப்பது போன்ற மெல்லிய பிடிப்பு தெரியும் இடமே சரியான இடம். பூட்டு நட்டை இறுக்கும்போது திருகு சிறிது நகர்ந்துவிடும் என்பதால், இறுக்கிய பிறகு மறுபடியும் அளக்காதவர் வேலையை முடிக்காதவரே. பிறகு புல்லியை 120 டிகிரி திருப்பி ஆறாவது சிலிண்டர், அப்படியே இரண்டு, நான்கு, மூன்று, ஐந்து என்று வெடிப்பு வரிசையிலேயே செல்ல வேண்டும். பன்னிரண்டு வால்வுகளில் புகை வெளியேற்றும் ஆறும் கீழ்ப்புறத்தில் இருப்பதால், அவற்றுக்காக வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கண்ணால் காண்பதைவிட விரல் நுனியால் உணர்ந்தே வேலை செய்ய நேரும்.

கீழ்ப்புற மூடியைக் கழற்றும் அத்தருணத்திலேயே இந்த என்ஜினின் பிரசித்தமான வியாதியும் சில வேளைகளில் வெளிப்படும்: நட்டோடு கூடிய ஒரு போல்ட் துண்டு மூடியோடு சேர்ந்து கையில் விழும். ஒவ்வொரு சிலிண்டரையும் அதன் தலையையும் நான்கு நீண்ட ஸ்டடுகள், ஆக மொத்தம் இருபத்து நான்கு, என்ஜினின் உடலோடு இறுக்கிப் பிடிக்கின்றன. 1968-இலிருந்து 1977 வரை என்ஜின் உடல் மக்னீசியத்தில் வார்க்கப்பட்டது. எடை குறைந்ததேயாயினும், எஸ்.சி.க்கு முந்திய 2.7 லிட்டர் என்ஜினின் உஷ்ணத்தில் அந்த மென்மையான உலோகத்தின் மரை ஸ்டடைப் பற்றி நிற்கமாட்டாமல் பிய்ந்து வந்தது. எஸ்.சி.யில் அலுமினிய உடல் வந்து அந்தக் குறை தீர்ந்தது. ஆனால் சூட்டில் அலுமினியத்துக்கு ஈடாக விரியட்டும் என்று கீழ் வரிசைக்குத் தேர்ந்தெடுத்த டிலவார் என்னும் விசேஷ எஃகு, ஈரத்தாலும் உப்பாலும் அரிக்கப்பட்டு, நாளடைவில் நடுவே முறிகிறது. முறிந்ததை மாத்திரம் மாற்றி மற்றவற்றை விட்டுவைப்பது சிக்கனமல்ல. என்ஜினை இறக்கிப் பிரித்த பிறகு, கீழ் வரிசை பன்னிரண்டையுமே மாற்றுவதுதான் விவேகம்.

தொழிற்சாலையின் திருத்தத்தைப் பழைய வண்டிக்கு ஏற்றுவதற்குச் சிறந்த உதாரணம் சங்கிலி இறுக்கி. இரு பக்கத்துக் கேம் தண்டுகளையும் இரண்டு சங்கிலிகள் சுழற்றுகின்றன. சங்கிலி தொய்யாமல் பார்த்துக்கொள்ளும் இறுக்கி எஸ்.சி. வரையில், தன்னுள் அடைபட்ட சிறிதளவு எண்ணெயையே நம்பியிருந்தது. அந்த எண்ணெய் கசிந்துவிட்டால் சங்கிலி தளர்ந்து, பல் தாண்டி, வால்வும் பிஸ்டனும் மோதி, ஒரு கணத்தில் என்ஜினே நாசமாகும். 1984-இல் கரெரா 3.2 வந்தபோது, என்ஜினின் ஆயில் அழுத்தத்தாலேயே இயங்கும் புதிய இறுக்கியைப் பொருத்தினார்கள். அதை முந்திய என்ஜின்களுக்கும் ஒரு குழாயும் புதிய மூடியும் சேர்த்துப் பூட்டலாம். சக்தியில் ஒரு குதிரைகூடக் கூடாத இந்த மாற்றத்தை, எஸ்.சி. வாங்கியவர் வேறெதற்கும் முன்பாகச் செய்ய வேண்டும். முன்புற வலது மட்கார்டுக்குள் உள்ள ஆயில் குளிர்விப்பானும் அத்தகையதே: ஆரம்ப எஸ்.சி.யில் வெறும் வளைந்த குழாய்களாக இருந்ததற்குப் பதில், கரெராவில் பின்னால் வந்த தகடுகள் செறிந்த வகையை வைத்தால், கோடைக்காலத்து நகர நெரிசலில் உஷ்ணமானி முள் சிவப்பை நோக்கி ஏறுவது நிற்கும்.

எஸ்.சி.க்குப் பெட்ரோல் ஊட்டுவது பாஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரானிக் என்னும் முறை. மின்னணு மூளை எதுவும் இன்றி, உள்ளே இழுபடும் காற்று ஒரு வட்டத் தட்டை எவ்வளவு உயர்த்துகிறதோ அவ்வளவுக்குப் பெட்ரோலை அளந்து விடும் அழகான ஏற்பாடு. ஆனால் குளிர்ந்த என்ஜினைக் கிளப்பும்போது தீப்பொறி பின்வாங்கி வெடித்தால் பிளாஸ்டிக்காலான காற்றுப் பெட்டி பிளந்துபோகும். அந்த அழுத்தத்தை வெளியே விடும்படி வில் வைத்த ஒரு சிறு மூடியைப் பெட்டியில் துளையிட்டு ஒட்டிவிடுவது, அற்பச் செலவில் பெருஞ்செலவைத் தவிர்ப்பது. கரெராவில் மோட்ரானிக் மின்னணு முறை வந்தது. அதன் பிரதான ரிலேயில் ஈயப் பற்று விரிசல் கண்டு, ஓடும் வண்டி சொல்லாமல் நின்றுவிடுவதுண்டு என்பதால், அனுபவஸ்தர்கள் வேறொரு ரிலேயை வண்டியிலேயே வைத்திருப்பார்கள்.

ரப்பரைப் பற்றி ஒரு வார்த்தை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். நாற்பது வயதான பெட்ரோல் குழாய், சூடான என்ஜினுக்கு மேலே வெடித்துக் கசிந்தால் வண்டி எரிந்துபோகும்; பளபளப்பான வண்டிகள் பல அவ்விதம் அழிந்திருக்கின்றன. பிரேக் குழாய்கள் வெளிப்பார்வைக்குச் செம்மையாக இருந்து, உள்ளே உப்பி அடைபட்டு, பிரேக்கை விட்ட பின்னும் சக்கரத்தை விடாமல் பிடிக்கும். பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால் இரண்டாண்டுக்கு ஒரு முறை மாற்றத்தக்கது. டயரில் மேற்பட்டை தேயாதிருப்பதைக் கண்டு ஏமாறலாகாது. பக்கச் சுவரில் பொறித்த நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும், 2314 என்றிருந்தால் அது 2014-ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரத்து டயர். நான்கு சக்கரத்துக்கும் காற்றோட்டமுள்ள டிஸ்க் பிரேக்குகள் இவ்வண்டியில் உள்ளமையால், புதிய குழாயும் புதிய திரவமும் நல்ல பேடுகளும் சாலை ஓட்டத்துக்குப் போதுமானவை. பெரிய பிரேக்குகளைத் தேடுவது பந்தயக்காரருக்கு உரியது.

எடையில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு பின்புறத்தில் இருப்பதே 911-இன் குணத்தை நிர்ணயிப்பது. வளைவின் நடுவில் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பாரம் முன்னுக்குச் சாய, பின்சக்கரங்கள் பிடிப்பிழந்து வண்டியின் வால் வெளியே வீசும். 1969-ஆம் ஆண்டு மாடலில் சக்கரங்களின் இடைத்தூரத்தை 57 மில்லிமீட்டர் நீட்டியதும் இதைத் தணிக்கத்தான். ஆகவே இதன் சஸ்பென்ஷனில் கைவைப்பவர் அளவறிந்து கைவைக்க வேண்டும். சுருள்வில்லுக்குப் பதிலாக முறுக்குக் கம்பிகள் இதில் பாரத்தைத் தாங்குகின்றன. முன்புறம் சுமார் 19 மில்லிமீட்டர் தடிப்புள்ளதை 21 ஆகவும் பின்புறத்தை 26 ஆகவும் மாற்றி, அதற்கேற்ற ஷாக் அப்சார்பர்களையும் வைத்தால், சாலையின் குண்டு குழிகளைச் சகித்துக்கொண்டே வண்டி நிலைத்து நிற்கும். அதற்கு மேற்போனால் முதுகெலும்புக்குத்தான் சோதனை. பின்கம்பியின் உள்முனையில் 40 பற்களும் வெளிமுனையில் 44 பற்களும் வெட்டியிருப்பதால், ஒன்றை ஒரு பல் ஒருபுறமும் மற்றதை ஒரு பல் எதிர்ப்புறமும் நகர்த்தி, ஒரு டிகிரிக்கும் குறைவான அளவில் வண்டியின் உயரத்தைத் திருத்த முடிகிறது. எத்தனை எளிய கணக்கு, எத்தனை நுட்பமான பலன்! இருந்தும் பழைய புஷ்களை மாற்றாமல் தடித்த கம்பியை மாத்திரம் போடுவது, ஆட்டங்கண்ட தூணின்மேல் புதிய உத்தரத்தை ஏற்றுவதற்கு ஒப்பாகும்.

1986 வரை வந்த 915 கியர் பெட்டி நிதானமான கையை எதிர்பார்ப்பது. அவசரப்படுத்தினால் சிங்க்ரோ வளையங்கள் தேய்ந்து கரகரக்கும். ஆயினும் பெட்டியைக் குறைகூறுமுன், கியர் குச்சியிலிருந்து பின்னால் செல்லும் தண்டின் சிறு பிளாஸ்டிக் புஷ்களை மாற்றிப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் நோய் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. 1987 மாடலில் வந்த ஜி50 பெட்டி இதைவிட லகுவானது, ஆனால் முந்திய வண்டியில் அதைப் புகுத்துவது உடலையே வெட்டி ஒட்டும் பெருவேலை.

சக்தியைப் பெருக்க விரும்புவோருக்குச் சொல்லத்தக்கது சொற்பமே. எஸ்.சி. ஐரோப்பாவில் 180 குதிரைச் சக்தியில் தொடங்கி 204 வரை உயர்ந்தது. கரெரா 231 தந்தது. 1,200 கிலோகிராம் அளவேயான வண்டிக்குச் சாலையில் இது ஏராளம். புகைக் குழாய்த் தொகுதியை மாற்றுவது ஒன்று மட்டும் இருவகையில் நன்மை தரும். இவ்வண்டியில் உட்புறத்தைச் சூடாக்கும் காற்று, புகைக் குழாயைச் சுற்றிய உறைக்குள் ஓடியே வருகிறது. அவ்வுறை துருவேறித் துளைபட்டால் விஷவாயு பயணிகளிடம் வந்துவிடும். துருப்பிடிக்காத எஃகில் செய்த பழைய பாணித் தொகுதியை வைத்தால் அந்த அபாயமும் நீங்கும், என்ஜினும் தாராளமாக மூச்சுவிடும்.

1976 மாடல் முதல் உடல் முழுவதும் துத்தநாகம் பூசப்பட்டதால் துரு குறைவு. ஆயினும் விபத்தில் வெட்டி ஒட்டிய இடங்களிலும், கதவுப் பூட்டுக்குப் பின்புறத்து மூலையிலும், பெட்ரோல் டாங்கின் அடியிலும் அது ஒளிந்திருக்கும். எந்த மாற்றம் செய்தாலும் கழற்றிய அசல் உறுப்பைப் பெயரெழுதி வைத்துக்கொள்வது அவசியம்: ஜெர்மனியில் முப்பது ஆண்டு கடந்து, பெரும்பாலும் அசல் நிலையிலுள்ள வண்டிகளுக்கு 1997 முதல் வழங்கப்படும் எச் எழுத்துப் பதிவெண் சலுகைக்கு அது தேவைப்படும், வண்டியை விற்கும் காலத்திலும் விலையை அதுவே தீர்மானிக்கும். வாரக்கணக்கில் நிறுத்தி வைத்து, எப்போதாவது ஐந்து நிமிடம் மட்டும் என்ஜினை ஓடவிடுவது கூடாது. அதனால் ஆயிலில் ஈரம் சேர்வதே மிச்சம். கிளப்பினால் வெளியே எடுத்து, ஆயில் சூடேறும் வரை என்ஜினை விரட்டாமல் ஓட்டி, பிறகு அரைமணி நேரமாவது நல்ல சாலையில் செலுத்தித் திரும்ப வேண்டும். திரும்பிய கையோடு, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஆயில் அளவையும் பார்த்துவிடலாம்.