வேடந்தாங்கல் ஊர்க்காரங்க வாங்கின கவுல்

வேடந்தாங்கல்ங்கிற பேரைப் பிரிச்சுப் பாருங்க. வேடன், தாங்கல். தாங்கல்னா சின்ன ஏரி. வேட்டைக்காரன் பேரை வச்சுக்கிட்டு பறவைகள் சரணாலயமா இருக்கிற ஊர் அது.

பறவை பார்க்க வர்ற வெளியூர்க்காரங்க கூச்சல் போடாம, குப்பை போடாம இருக்க என்ன வழின்னு இப்போ பேசுறோம். வேடந்தாங்கலுக்கு இது 200 வருஷத்துக்கு மேல பழகின தலைவலி. அப்போ வந்தவங்க கையில கேமரா இல்லை, துப்பாக்கி. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரியில நாரைகளைச் சுட்டாங்க. ஊர்க்காரங்க செங்கல்பட்டு கலெக்டர்கிட்ட போய் முறையிட்டாங்க. 1798ல் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கிற அவங்க உரிமையை ஒத்துக்கிட்டு கவுல் எழுதிக் கொடுத்தார். 1858ல் அதைத் திரும்ப உறுதி செஞ்சாங்க. சரணாலயம்னு அரசாங்கம் ஏத்துக்கிட்டது 1936ல். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972ல்.

அவங்களுக்கு ஏன் அவ்வளவு அக்கறை? ஜீவகாருண்யம்னு சொல்றவங்க சொல்லட்டும், நான் விவசாயி, என் கணக்கு வேற. நாரை, கொக்கு, நீர்க்காகம், கூழைக்கடான்னு ஆயிரக்கணக்குல வந்து ஏரிக்குள்ள நிக்கிற மரங்கள்ல கூடு கட்டுது. எச்சம் பூரா தண்ணியில விழுது. தழைச்சத்தும் மணிச்சத்தும் கரைஞ்ச அந்தத் தண்ணிதான் மதகு வழியா நெல் வயலுக்குப் பாயுது. யூரியா மூட்டையே இல்லாத காலத்துல அதோட மதிப்பு என்னன்னு சேத்துல இறங்கினவனுக்குத் தெரியும். சிப்பாய் சுட்டது அவங்க எருக்குழியை.

தீபாவளிக்குக்கூட அந்த ஊர்ல வெடி வெடிக்கிறதில்லை. சிவகங்கைப் பக்கம் கொள்ளுகுடிப்பட்டியிலயும் இதே வழக்கம்தான்.

இப்போ வர்றவங்க விஷயத்துக்கு வர்றேன். 'அமைதி காக்கவும்' பலகைக்குக் கீழயே நின்னு செல்போன்ல பாட்டு போடுறவங்களைப் பார்த்திருக்கேன். அதே ஆளுகிட்ட ஒரு ஊர்ப் பெரியவர், "தம்பி, குஞ்சு பொரிச்சிருக்கு. தாய் எழுந்துட்டா வெயில் தாங்காதுப்பா"ன்னு சொன்னார். பாட்டு உடனே நின்னுச்சு. திட்டலை, அபராதம் பேசலை. இது அவர் வீட்டு விஷயம்னு வந்தவருக்குப் புரிஞ்சது, அவ்வளவுதான். பலகைக்கு அந்த முகம் கிடையாது. டிக்கெட் கவுன்டர்ல காசு கொடுத்ததோட ஊருக்கும் நமக்கும் உறவு முடிஞ்சுபோறதுதான் எனக்குக் குறையாப் படுது.

அடுத்த சீசன்ல போனீங்கன்னா கோபுரத்துல ஏறிப் பறவை பாருங்க. இறங்கினதும் அங்க யார்கிட்டயாவது மதகு எந்தப் பக்கம்னு கேளுங்க, காட்டுவாங்க. அந்தத் தண்ணி பாயுற வயலையும் பார்த்துட்டு வாங்க.