சிட்னி ஓபரா ஹவுஸும் ஓர் ஒன்பதாம் வகுப்பு நோட்டும்



சிட்னியில் மகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. குளிர் கொஞ்சம் அதிகம், மற்றபடி நலம். போன ஞாயிற்றுக்கிழமை ஓபரா ஹவுஸ் பார்க்கக் கூட்டிப் போனார்கள். "போட்டோ போடுங்க சார்" என்று பலர் கேட்டிருந்தீர்கள், போட்டிருக்கிறேன். ஆனால் போட்டோவை விட அதன் கதை பெரியது. வகுப்பில் என்னைப் பொறுத்துக்கொண்ட மாதிரி இங்கேயும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

துறைமுகத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பென்னலாங் முனையில், மூன்று பக்கமும் தண்ணீர் சூழ நிற்கிறது அந்தக் கட்டடம். ஒரு காலத்தில் அங்கே டிராம் வண்டிகளை நிறுத்தும் கொட்டகைதான் இருந்தது. 1956-இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு உலக அளவில் ஒரு போட்டி அறிவித்தது. வந்தவை 233 வடிவமைப்புகள். 1957 ஜனவரியில் முதல் பரிசு பெற்றவர் யோர்ன் உட்சோன், டென்மார்க்காரர், வயது 38. பெரிய பெயர் எதுவும் இல்லாதவர். அவர் அனுப்பியவை முழுமையான வரைபடங்கள்கூட இல்லை, ஏறக்குறைய கோட்டோவியங்கள்தான். தள்ளுபடியான கட்டிலிருந்து நடுவர் ஈரோ சாரினென் அதை வெளியே எடுத்தார் என்று ஒரு கதை சொல்வார்கள்.

உட்சோன் அதுவரை சிட்னியைப் பார்த்ததே இல்லை. அவருடைய அப்பா கப்பல் வடிவமைப்பாளர். அதனால் கடல் வரைபடங்களைப் படிக்கத் தெரியும். அவற்றையும் புகைப்படங்களையும் வைத்தே இடத்தைப் புரிந்துகொண்டார். பாலத்திலிருந்தும் கப்பலிலிருந்தும் மக்கள் பார்க்கப் போகும் கட்டடம், ஆகவே அதன் கூரையும் ஒரு முகப்புதான் என்று நினைத்தார். உயர்ந்த மேடை, அதன்மேல் மேகம் போல மிதக்கும் கூரை. பார்க்கிறவர்கள் பாய்மரம் என்கிறார்கள், சிப்பி என்கிறார்கள். என் பேத்தி, "இல்ல தாத்தா, உரிச்ச ஆரஞ்சு" என்றாள்.

அவள் சொன்னதில்தான் கணக்கு இருக்கிறது.

1959 மார்ச்சில் வேலை தொடங்கிவிட்டது. ஆனால் அந்தக் கூரையை எப்படிக் கட்டுவது என்று யாருக்கும் தெரியாது. ஓவ் அரூப்பின் பொறியாளர்கள் பரவளையம், நீள்வட்டம் என்று பல வடிவங்களைப் போட்டுப் பார்த்தார்கள். ஒவ்வோர் ஓட்டுக்கும் வளைவு வேறு, ஒவ்வொரு துண்டுக்கும் தனி அச்சு வேண்டும், கட்டுப்படியாகாது. 1961-இல் விடை கிடைத்தது: எல்லா ஓடுகளையும் ஒரே கோளத்திலிருந்து வெட்டி எடுத்தால் என்ன? ஏறக்குறைய 75 மீட்டர் ஆரம் உள்ள ஒரே கோளம். கோளத்தில் எங்கே தொட்டாலும் வளைவு ஒன்றுதானே! அதனால் ஒரே மாதிரி அச்சுகளில் கான்கிரீட் துண்டுகளை வார்த்து அடுக்க முடிந்தது. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் விலா எலும்புகள் போன்ற அந்தக் கான்கிரீட் வரிகள், பனையோலை விசிறி மாதிரி அடியிலிருந்து விரிகின்றன. மேலே 10 லட்சத்துக்கும் அதிகமான ஸ்வீடன் நாட்டு ஓடுகள். சில பளபளப்பானவை, சில மங்கலானவை. வெயில் நகர நகர நிறம் மாறுகிறது.

32 வருடம் 4πr² நடத்தினேன். இந்த ஒரு கட்டடத்தைச் சொல்லி நடத்தியிருந்தால் உங்களில் பாதிப் பேர் அதை மறந்திருக்க மாட்டீர்கள்.

பிறகு நடந்தது வருத்தமான கதை. 70 லட்சம் டாலர் என்று போட்ட மதிப்பீடு ஏறிக்கொண்டே போனது. 1965-இல் ஆட்சி மாறியது. புதிய அமைச்சர் செலவைக் கேள்வி கேட்டார், பணம் நின்றது. 1966 பிப்ரவரியில் உட்சோன் விலகினார். அவரைத் திரும்ப அழைக்கச் சொல்லி மக்கள் ஊர்வலம் போனார்கள், பலனில்லை. உள்வேலைகளை வேறு கட்டடக் கலைஞர்கள் முடித்தார்கள். மொத்தச் செலவு 10 கோடியே 20 லட்சம் டாலர், பெரும்பகுதி லாட்டரிப் பணம். 1973 அக்டோபர் 20-இல் எலிசபெத் ராணி திறந்துவைத்தார். உட்சோன் வரவில்லை.

பின்னாளில் மனம் மாறினார்கள். 1999-இல் அவரிடமே ஆலோசனை கேட்டார்கள்; 2004-இல் ஒரு கூடத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். 2003-இல் பிரிட்ஸ்கர் பரிசு, 2007-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். 2008-இல், 90 வயதில் காலமானார். தான் வரைந்த கட்டடம் முடிந்து நின்றதை ஒருநாளும் நேரில் பார்க்கவில்லை.

படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பையன் நினைவுக்கு வந்தான். ஒன்பதாம் வகுப்பு. வட்டம் வரையச் சொன்னால் காம்பஸை வைத்து வளைவு வளைவாகப் போட்டு மீன், தென்னை, தோணி என்று நோட்டு முழுக்க வரைந்திருப்பான். விடை பாதியில் நிற்கும். ஒருநாள் எல்லார் முன்னாலும் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். அவன் அழவில்லை. அதன் பிறகு வரையவும் இல்லை. பத்தாவதோடு நின்றுவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பெயர் எழுதவில்லை. படித்தால் அவனுக்குத் தெரியும். தம்பி, அன்று நான் செய்தது தப்பு. நோட்டில் இருந்ததும் கணக்குதான். எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை. அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். வீட்டுக்கு வா.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒன்று: பாதியில் நிற்கும் விடைத்தாளையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்