ஆங்கில ஆர்ட்டிகிளும் தமிழின் ஐ உருபும்: ஒரு சரித்திர ஆராய்ச்சி

கல்வராயன் மலையடிவாரத்து வடக்கனந்தலில் ஒருவர் அண்டை வீட்டாரிடம் 'மாடு வாங்கினேன்' என்று சொன்னால், எந்த ஊர் மாடு, என்ன விலை, எத்தனை பல் என்ற கேள்விகள் அடுத்தடுத்துப் பிறக்கும். அவரே 'மாட்டை வாங்கிவிட்டேன்' என்று சொன்னாலோ, முன்னமே பார்த்து விலை பேசி வைத்திருந்த மாடு வீடு வந்து சேர்ந்தது என்பதைக் கேட்பவர் விளக்கம் வேண்டாமலே கிரகித்துக்கொள்வார். இவ்விரண்டு வாக்கியங்களின் பொருளைப் பிரித்து வைப்பது ஐ என்னும் ஓரெழுத்து உருபு. ஆங்கிலத்தில் இதே வேலையை ஆர்ட்டிகிள் எனப்படும் எ, தி என்னும் இரு சிறு சொற்கள் செய்கின்றன. நிச்சயப் பொருளையும் அநிச்சயப் பொருளையும் பகுத்தறியும் சக்தி தமிழ் மாணாக்கனுக்குத் தாய்மொழியிலேயே பூரணமாக இருந்தும், அவன் ஆங்கிலம் எழுதும்போது இச்சொற்களில்தான் அதிகம் இடறுகிறான் என்றால், அதற்கு அவனது புத்திக்குறைவு காரணமன்று. இலக்கணப் போதனை நடந்து வந்த வழியே காரணம் என்பது என் அபிப்பிராயம். அந்த வழி எங்ஙனம் அமைந்ததென்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆங்கில ஆர்ட்டிகிள்களின் பூர்வோத்தரத்தை முதலில் காண்போம். ஆதி ஆங்கிலத்தில் தி என்ற தனிச்சொல் கிடையாது. அதன் இடத்தில் 'அது', 'அந்த' எனப் பொருள்படும் சுட்டுச்சொல் ஒன்று, பாலுக்கும் எண்ணுக்கும் வேற்றுமைக்கும் தக்கவாறு பல உருவங்கள் பெற்று வழங்கியது. பன்னிரண்டாம் நூற்றாண்டளவில், சொல்லிறுதி விகுதிகள் தேய்ந்தொழிந்த காலத்தில், அவ்வுருவங்கள் யாவும் ஒடுங்கி ஒரே சொல்லாயின. 1154-ஆம் ஆண்டுச் செய்திகளோடு முடிவுறும் பீட்டர்பரோ மடத்து வருஷக் குறிப்புகளில் இம்மாறுதல் நடந்துகொண்டிருப்பதையே நாம் காண்கிறோம். எ, ஆன் என்பவற்றின் மூலமோ 'ஒன்று' என்னும் எண்ணுப்பெயர். அது தேய்ந்து, உயிரொலிக்கு முன் ஆன் என்றும், மெய்யொலிக்கு முன் எ என்றும் நிலைத்தது. இத்தேய்வின் நடுவே மக்கள் வாயில் சொற்களின் எல்லையே பிசகியதும் உண்டு: விரியன் பாம்பைக் குறித்த 'நாடர்' என்ற பழஞ்சொல்லின் முதல் மெய் ஆர்ட்டிகிளோடு ஒட்டிக்கொண்டதால் அது இன்று 'ஆடர்' ஆயிற்று, இடுப்பில் கட்டும் 'நாப்ரன்' அவ்வாறே 'ஏப்ரன்' ஆயிற்று. நம் நாரத்தையோடு உறவுடையதாய், திராவிட மூலம் கொண்டதென்று அறிஞர் பலர் கருதும் ஆரஞ்சு என்ற சொல்லும், ஐரோப்பா சென்றபின் இத்தாலிய, பிரெஞ்சு மொழிகளின் ஆர்ட்டிகிளோடு உரசித் தன் முதல் நகரத்தை இழந்ததென்பர்.

ஆகவே நிச்சய ஆர்ட்டிகிள் சுட்டிலிருந்தும், அநிச்சய ஆர்ட்டிகிள் எண்ணிலிருந்தும் பிறந்தன. லத்தீனிலிருந்து பிரிந்த பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம் ஆகியவற்றிலும் இதுவே நிகழ்ந்தது; லத்தீனிலோ, நம் சமஸ்கிருதத்திலோ ஆர்ட்டிகிள் கிடையாது. தமிழின் 'அந்த', 'ஒரு' என்னும் சொற்களும் இதே பாதையில் சில அடிகள் நடந்தவைதாம். 'ஒன்று' என்பது பெயருக்கு முன் 'ஒரு' என்றும், உயிரும் 'யா'வும் வருமிடத்து 'ஓர்' என்றும் திரியுமெனத் தொல்காப்பியம் விதித்திருக்கிறது. எ, ஆன் இரண்டுக்கும் உள்ள ஒலி நியமத்தை ஆங்கில உபாத்தியாயர் தனியே உருப்போட வைக்கிறார். ஒரு, ஓர் அறிந்த தமிழ்ப் பிள்ளைக்கு அது புதிதே அன்று. வேறுபாடு ஒன்றே: நம் பழைய விதி 'யா' என்னும் எழுத்தையும் உயிரோடு சேர்த்தது, ஆங்கிலமோ அவ்வொலியை மெய்யாகவே எண்ணுகிறது. ஆதலால் யூனிவர்சிட்டிக்கு முன் எ வரும். மணியைக் குறிக்கும் 'அவர்' என்ற சொல்லுக்கு முன் ஆன் வரும். ஆங்கில எழுத்துக்கூட்டைக் கண்டு மயங்குகிற மாணாக்கன் அவ்விரு சொற்களையும் தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்தாலே மயக்கம் நீங்கும்.

எனினும் தமிழில் நிச்சயப் பொருளின் பிரதான ஸ்தானம் 'அந்த', 'ஒரு' ஆகிய சொற்களில் இல்லை. இரண்டாம் வேற்றுமை உருபில் இருக்கிறது. அவ்வுருபு சில இடங்களில் தொக்கும் சில இடங்களில் விரிந்தும் வருமென்பதை நம் முன்னோர் கண்டனர். உயர்திணைப் பெயர்களில் அது மறையாது வருமென்று தொல்காப்பியத் தொகைமரபு குறிப்பிட்டிருப்பது, திணைக்கும் உருபுக்கும் உள்ள சம்பந்தத்தை அக்காலத்திலேயே உணர்ந்திருந்ததற்குச் சாட்சி. ஆனால் அஃறிணையில் எப்போது தொகும், எப்போது விரியும், அவற்றால் பொருள் எவ்வாறு வேறுபடும் என்ற விசாரணை உரைகாரர்களிடம் விரிவு பெறவில்லை. அவர்கள் நோக்கம் புணர்ச்சியிலும் தொகைநிலையிலும் சென்றது. தமிழை மட்டுமே அறிந்தவர்க்கு இவ்வேறுபாடு சுவாசத்தைப் போல் இயல்பாயிருந்தபடியால் அதைக் கேள்வியாக்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு நேரவில்லை.

அக்கேள்வி பிறமொழியாளரிடம் எழுந்திருக்கலாம். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தாய்மொழியால் ஜெர்மானியர். ஆர்ட்டிகிள் இன்றி ஒரு வாக்கியமும் பேசிப் பழகாதவர். வீரமாமுனிவர் இத்தாலியர், அவர் தாய்மொழியும் அத்தகையதே. ஆயினும் 1716-ல் ஹாலே நகரில் அச்சான சீகன்பால்குவின் தமிழ் இலக்கணமும், 1738-ல் தரங்கம்பாடியில் அச்சான வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணமும் லத்தீனில் எழுதப்பட்டவை. லத்தீனுக்கு ஆர்ட்டிகிள் வேண்டியதில்லை என்பது முதல் நூற்றாண்டு ரோமானிய ஆசிரியர் குவின்டிலியன் காலந்தொட்டு வந்த கொள்கை. ஆர்ட்டிகிள் இல்லாத மொழியை, ஆர்ட்டிகிள் இல்லாத வேறொரு மொழியின் சட்டத்தில் வைத்து அவர்கள் விவரித்தமையால், இரு தரப்புக்கும் இடையே இவ்விஷயம் தட்டுப்படாமலே போயிற்றென்று நான் ஊகிக்கிறேன். பாதிரிமார் ஆங்கிலத்தில் தமிழிலக்கணம் எழுதத் தலைப்பட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் இது வெளிப்பட்டது. கால்டுவெல் 1856-ல் வெளியிட்ட ஒப்பிலக்கணம், திராவிட மொழிகளில் 'ஒன்று' என்னும் எண் அநிச்சய ஆர்ட்டிகிளின் பணியைச் செய்வதைக் கவனித்தது. அது முதல் 'ஒரு' என்றால் எ, 'அந்த' என்றால் தி என்ற சமன்பாடு பள்ளிக்கூடங்களில் வேரூன்றியது. அச்சமன்பாடு பாதி உண்மை. அந்தப் பாதியால் விளைந்த தீங்கோ இன்னும் தீரவில்லை.

எதிர்ப்புறத்தில் ஆங்கில இலக்கணமும் இதேபோன்ற தடையைக் கடந்தே வந்தது. லத்தீன் பாடசாலைகளில் வளர்ந்த ஆங்கில இலக்கண ஆசிரியர்களுக்குத் தம் மொழியின் ஆர்ட்டிகிளை எவ்வகையில் சேர்ப்பதென்று நெடுங்காலம் தெளிவு ஏற்படவில்லை. 1762-ல் ராபர்ட் லௌத் எழுதிய சிறு இலக்கணமும், 1795-ல் லிண்ட்லி மரே எழுதிய இலக்கணமும் சொல்வகைகளில் ஆர்ட்டிகிளுக்கு முதலிடம் தந்தன. இந்தியக் கல்வி பற்றிய 1854-ஆம் ஆண்டு உட் சாசனத்துக்கும், 1857-ல் சென்னைச் சர்வகலாசாலை தோன்றியதற்கும் பின்னர் மெட்ரிகுலேஷன் பரீட்சை ஜில்லாதோறும் பரவியபோது, இவ்வகை இலக்கணங்களும் இவற்றின் வழிவந்தவைகளுமே பாடமாயின. வட இந்தியாவில் கல்வியதிகாரியாயிருந்த நெஸ்பீல்டு ஆர்ட்டிகிளைப் பெயரடையோடு சேர்த்துவிட்டார். 1930-களில் வெளிவந்த ரென் - மார்ட்டின் புஸ்தகமோ இன்றளவும் நம் நாட்டில் புத்தகக் கடைதோறும் கிடைக்கிறது. இவற்றிலெல்லாம் ஆர்ட்டிகிள் பற்றிய அத்தியாயம் விதிகளின் கோவையாகவே இருக்கும்: நதிக்கு முன் தி, மலைத்தொடருக்கு முன் தி, ஊருக்கு முன் ஒன்றுமில்லை என்று. ஏன் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

அவ்விதிகளின்படி கோமுகி ஆற்றுக்கும் கல்வராயன் மலைத்தொடருக்கும் தி வேண்டும். வடக்கனந்தலுக்கும் கள்ளக்குறிச்சிக்கும் வேண்டாம். வீராணம் ஏரிக்கும் வேண்டாம். ஆறு பெறும் அந்தஸ்தை ஏரி பெறாததற்கு நியாயம் தேடினால் சரித்திரந்தான் விடை சொல்லும், தர்க்கம் சொல்லாது. ஏனெனில் பழைய ஆங்கிலத்தில் தேம்ஸ் நதியே ஆர்ட்டிகிள் இன்றி எழுதப்பட்டது. 'தி சென்னை சில்க்ஸ்' என்ற பெயர்ப்பலகையில் தி நிற்பது சென்னையைச் சார்ந்தன்று, பின்வரும் பன்மைச் சொல்லைச் சார்ந்து என்பதை விளக்கிவிட்டால், 'தி கல்வராயன் ஹில்ஸ்' என்பதும் உடனே விளங்கும். ஒன்றும் இடாத நிலையையும் ஒரு பிரயோகமாகவே கொண்டு ஆராயும் நோக்கு, 1939-ல் வெளிவந்த பால் கிறிஸ்டோபர்சனின் நூலாலும், மொழியறிஞர் யெஸ்பர்சனின் பேரிலக்கணத்தாலும் உறுதிப்பட்டது. பேசுவோனும் கேட்போனும் ஒரு பொருளை ஒருங்கே அறிந்திருத்தலே தி என்பதன் உயிர்நிலை என்று கிறிஸ்டோபர்சன் வற்புறுத்தினார். நம் மாட்டுக்காரர் ஐ உருபைச் சேர்த்ததற்கும் இதுதானே காரணம்!

இத்தகைய ஆராய்ச்சிகள் நம் கிராமப் பள்ளிகளை எட்டவில்லை; எட்டியவை போதனா முறைகளே. 1950-களில் சென்னை மாநிலத்தில் வாக்கிய அமைப்புகளை வரிசைப்படுத்திக் கற்பிக்கும் பாடத்திட்டம் நுழைந்தது. அப்பதிற்றாண்டின் இறுதியில், பயிற்சி பெற்ற சிலர் பலருக்கும், அப்பலர் மேலும் பலருக்கும் பயிற்சி அளிக்கும் முறையில் ஏறக்குறைய 27,000 ஆரம்ப ஆங்கில உபாத்தியாயர்களை மறுபயிற்சிக்கு உட்படுத்தும் பெருமுயற்சி நடந்தது. உபாத்தியாயர் பேனாவை உயர்த்திக் காட்டி 'திஸ் இஸ் எ பென்' என்பார். அதையே மேசைமேல் வைத்து 'தி பென் இஸ் ஆன் தி டேபிள்' என்பார். முதலில் எ, பிறகு தி என்னும் கிரமம் இவ்வாறு காதில் ஏறியது நன்மையே. ஆனால் எ வந்ததற்கும் தி வந்ததற்கும் உள்ள காரணத்தைத் தாய்மொழியைக் கொண்டு ஓர் எடுத்துக்காட்டாலேனும் விளக்க அம்முறை இடங்கொடுக்கவில்லை.

அம்முறையின் குறைகளை உணர்ந்து, 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு நடத்திய பரிசோதனை உலகப் பிரசித்தி பெற்றது. பெங்களூர்த் திட்டம் என்று பெயர் பெற்றபோதிலும், அதில் சென்னைப் பள்ளியும் கடலூர்ப் பள்ளியும் இடம்பெற்றிருந்தன.    ரயில் அட்டவணை, ஊர்ப்படம் போன்றவற்றை வைத்துப் பிள்ளைகளின் மனத்தை ஒரு காரியத்தில் செலுத்தினால் இலக்கணம் தானே படியும் என்பது பிரபுவின் கொள்கை. இதில் உண்மை உண்டு. ஆயினும் ஆர்ட்டிகிளைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகம் நீங்கவில்லை. ஏனெனில் ஆர்ட்டிகிளை விட்டுவிட்டாலும் காரியம் நடந்துவிடுகிறது. 'டிரெய்ன் கம்ஸ் அட் டென்' என்று பிள்ளை சொன்னால் வண்டியின் நேரம் புரிந்துபோகிறது. தி விடுபட்டதை எவரும் உணர்வதில்லை.

ஆதலின் தமிழிலிருந்தே தொடங்க வேண்டுமென்பது என் துணிபு. தமிழில் அடையும் உருபும் இல்லாத பெயர், வாக்கியத்தில் நிற்கும் இடத்துக்கேற்பப் பொருள் மாறுகிறது. அந்தி வேளையில் 'மாடு வந்துவிட்டது' என்றால் அது வீட்டு மாடு. ஆங்கிலத்தில் தி வேண்டும். 'மாடு வாங்கினேன்' என்றால் எ வேண்டும். 'அவர் உபாத்தியாயர்' என்பதிலோ தமிழ் எதையும் வேண்டாது. ஆங்கிலம் எ இன்றி நில்லாது. மாணாக்கர் மிகுதியாகத் தவறுவது இம்மூன்றாம் இடத்திலேதான். 'ஒரு' என்றால் எ என்னும் பழைய சமன்பாட்டை நம்பியவன், தமிழில் 'ஒரு' இல்லாத இடத்தில் எ இட எப்படி நினைப்பான்? அச்சமன்பாடு எதிர்த்திசையிலும் வேலை செய்து, 'அவர் ஒரு உபாத்தியாயர்', 'இது ஒரு நல்ல புஸ்தகம்' என்று நம் பத்திரிகைத் தமிழில் வேண்டாத இடமெல்லாம் 'ஒரு'வை நிரப்பியிருப்பது கண்டு வருந்தாத தமிழாசிரியர் இல்லை.

ஒன்றும் இடாத நிலையாகிய சூனிய ஆர்ட்டிகிளுக்கும் தமிழே வழிகாட்டும். மலைமேலுள்ள கிராமத்துச் சிறுவன் 'பள்ளிக்கூடம் போகிறான்' என்றால் படிக்கிறான் என்பது பொருள். அவன் தகப்பனார் பள்ளிக்கூடத்துக்குப் போனார் என்றால் ஏதோ காரியமாக அந்தக் கட்டடத்துக்குச் சென்றார் என்பது பொருள். ஆங்கிலத்தில் மாணவன் செல்லும் 'ஸ்கூல்' ஆர்ட்டிகிள் பெறாது. தகப்பனார் செல்லும் 'ஸ்கூல்' தி பெறும். உருபைத் தொகுத்தலும் ஆர்ட்டிகிளை விடுதலும் இங்கே ஒரே கருத்தின் இரு வடிவங்கள். உயர்திணையில் மட்டும், தொல்காப்பியர் சொன்னபடி ஐ பெரும்பாலும் மறையாமல் நிற்பதால் 'பையனைப் பார்த்தேன்' என்பதைக்கொண்டு 'தி'யா 'எ'வா என்று தீர்மானிக்க இயலாது, 'எந்தப் பையன்?' என்று கேட்போர் வினவுவரா மாட்டாரா என்பதைக் கொண்டே துணிய வேண்டும். ஆனால் உயர்திணையிலும் வழக்கு ஒரு வாசல் திறந்து வைத்திருக்கிறது. பெண்ணுக்கு வரன் தேடும் வீட்டார் 'மாப்பிள்ளை பார்க்கிறோம்' என்பர்; அப்போது மாப்பிள்ளை இன்னாரென்று எவருக்கும் தெரியாது, ஆங்கிலம் அங்கே எ இடும். நிச்சயமானபின் அவர்களே 'மாப்பிள்ளையைப் பார்க்கப் போகிறோம்' என்பர். ஆங்கிலம் அங்கே தி இடும்.