நகரம் வாங்கிய முதல் மார்க்

பெங்களூர் வளர்ச்சி ஆணையத்தின் வேலையில் திருப்தி என்று சொன்னவர்கள் நூற்றுக்கு ஒருவர். குடிநீர் வாரியத்துக்கு நான்கு பேர். மாநகராட்சிக்கு ஐந்து, மின் வாரியத்துக்கு ஆறு, டெலிபோன்ஸுக்கு ஒன்பது. அரசு மருத்துவமனைகள் மட்டும் தட்டுத்தடுமாறி 25ஐத் தொட்டிருந்தன. 1994ல் பெங்களூர் மக்கள் தங்கள் ஊர் அலுவலகங்களுக்குப் போட்ட மார்க் இது. பிள்ளைகளின் ரேங்க் கார்டு வீட்டுக்கு வந்து அப்பா கையெழுத்துக்குக் காத்திருக்கும் நாட்டில், மக்களே மார்க் போட்டு அலுவலகங்களுக்கு அனுப்பிய கார்டு அநேகமாக இதுதான் முதல்.

அந்தக் கார்டு பிறந்த ஊரில்தான் லிங்கராஜபுரம் இருக்கிறது. காக்ஸ் டவுனுக்கும் கம்மனஹள்ளிக்கும் நடுவே, ரயில் பாதையை ஒட்டி, தமிழும் கன்னடமும் உருதும் தெலுங்கும் ஒரே தெருவில் கேட்கும் பேட்டை. மாநகராட்சியின் சொத்துப் பதிவான காத்தாவை மாற்றவும், மோரி அடைத்துக்கொண்டதைச் சொல்லவும், காவேரித் தண்ணீர் வராத நாளில் முறையிடவும் இங்கிருந்து எத்தனையோ பேர் எத்தனையோ படிகள் ஏறி இறங்கியிருக்கிறார்கள். அந்த அலைச்சலைக் கணக்கெடுக்கலாம், எண்ணாக்கலாம், அதிகாரியின் மேசையில் வைத்து பதில் கேட்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றியது. அங்கிருந்துதான் கதை தொடங்குகிறது.

அவர் பெயர் சாமுவேல் பால். அகமதாபாத் ஐஐஎம்மின் இயக்குநராக 1970களில் இருந்தவர். பிறகு உலக வங்கியில் ஆலோசகர். ஓய்வுக்காலத்தில் பெங்களூருக்கு வந்தார். தண்ணீர், மின்சாரம், குப்பை, தொலைபேசி என்று எல்லோரும் பட்ட பாட்டை அவரும் பட்டார். எல்லோரும் புலம்பினார்கள், அவர் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். நிர்வாகவியல் சொல்லிக்கொடுத்தவருக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. கடைக்காரன் சரக்கு மோசமாக இருந்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போகலாம். குடிநீர் வாரியத்துக்கு அடுத்த வாரியம் கிடையாது. போக வேறு கடை இல்லாத இடத்தில் வாடிக்கையாளருக்கு மிச்சமிருப்பது வாய் ஒன்றுதான். அந்த வாய்க்குக் கணக்கின் பலம் கொடுக்க வேண்டும் என்று அவர் நினைத்தார்.

1993ல் நண்பர்கள் சிலர் சேர்ந்தார்கள். சந்தை ஆய்வு நிறுவனம் ஒன்றின் ஆட்கள் நடுத்தர வர்க்கத்து வீடுகளிலும் குடிசைப் பகுதிகளிலுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனார்கள். சோப்பு விற்பவர்களும் பற்பசை விற்பவர்களும் பயன்படுத்தும் அதே முறை. கேள்விகளில்தான் புதுமை. அந்த அலுவலகத்தோடு உங்களுக்கு வேலை இருந்ததா? எத்தனை தடவை போனீர்கள்? ஊழியர்கள் எப்படிப் பேசினார்கள்? காரியம் முடிந்ததா? லஞ்சம் கொடுத்தீர்களா, கொடுத்தீர்கள் என்றால் எவ்வளவு? நேரில் அனுபவப்பட்டவரிடம் மட்டுமே கேட்டார்கள். காற்றில் மிதக்கும் அபிப்பிராயம் வேண்டாம், போனவர் சொல்லட்டும் என்பது கணக்கு. இந்த ஒரு தீர்மானம்தான் கார்டை வெறும் கருத்துக்கணிப்பிலிருந்து பிரித்துக் காட்டியது என்று நினைக்கிறேன். மாநகராட்சி மோசம் என்று பொதுவாகச் சொன்னால் கமிஷனர் சிரித்துவிட்டுப் போகலாம். இத்தனை பேர் உங்கள் கவுண்டருக்கு வந்தார்கள், இத்தனை பேருக்குக் காரியம் ஆகவில்லை என்றால் அப்படிப் போக முடியாது.

முடிவுகள் முதலில் அந்தந்த அலுவலகத் தலைவர்களுக்கே அனுப்பப்பட்டன. பெரும்பாலும் மௌனம்தான் பதில். பிறகு பத்திரிகைகளிடம் போயின. நாளிதழ்கள் விடவில்லை, எந்த அலுவலகம் எங்கே நிற்கிறது என்று தொடர்ந்து எழுதின. கடைசி இடத்தில் இருந்த வளர்ச்சி ஆணையமான பிடிஏ தான் முதலில் அசைந்து, எங்கே தவறுகிறோம் என்று உட்கார்ந்து பேசக் கூப்பிட்டது. இதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். நூற்றுக்கு ஒன்று வாங்கியவருக்குத்தான் அந்த எண் உறைத்திருக்கிறது. மாநகராட்சியும் பின்னால் வந்தது. அதிகாரிகளும் குடிமக்கள் அமைப்புகளும் ஒரே மேசையில் உட்கார ஸ்வாபிமான என்ற மன்றம் உருவானது. சாமுவேல் பால் 1994லேயே பப்ளிக் அஃபேர்ஸ் சென்டர் என்ற அமைப்பைத் தொடங்கி, இந்த வேலையை ஒரு முறை செய்துவிட்டு மறந்துபோகாதபடி நிறுவனமாக்கினார்.

இரண்டாவது கார்டு 1999ல் வந்தது. அங்கங்கே சின்ன முன்னேற்றம். ஆனால் லஞ்சம் கொடுத்ததாகச் சொன்னவர்களின் விகிதம் கூடியிருந்தது. ஐந்து வருஷத்துப் பேச்சுக்கும் எழுத்துக்கும் பிறகு இதுதானா என்று மனம் சோர்ந்து கடையைக் கட்டியிருக்கலாம். கட்டவில்லை. அந்தப் பிடிவாதத்தின் பலன் அடுத்த நான்கு வருஷங்களில் தெரிந்தது.

அதே 1999ல் எஸ்.எம். கிருஷ்ணா கர்நாடக முதலமைச்சரானார். நவம்பரில் தொழிலதிபர் நந்தன் நிலேகணி தலைமையில் பெங்களூர் அஜெண்டா டாஸ்க் ஃபோர்ஸ் என்ற குழுவை அமைத்தார். மாநகராட்சி, பிடிஏ, குடிநீர் வாரியம், மின்சாரம், பஸ், டெலிபோன்ஸ், போலீஸ் என்று ஏழு அமைப்புகள் அதன் வரம்பில் வந்தன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கூட்டம் நடக்கும். ஒவ்வொரு அமைப்பின் தலைவரும் மேடையேறி, போன தடவை என்ன வாக்குக் கொடுத்தோம், எவ்வளவு செய்தோம், அடுத்த ஆறு மாதத்தில் என்ன செய்வோம் என்று சொல்ல வேண்டும். எதிரே முதலமைச்சர், நகர மக்கள், பத்திரிகையாளர்கள். வெளியிலிருந்து மக்கள் போட்ட மார்க், இங்கே அமைப்புகள் தாங்களே போட்டுக்கொண்டு ஊர் முன்னால் படித்துக் காட்டும் மார்க்காக மாறியது. உள்ளாட்சி தன்னைத்தானே மதிப்பிட்டுக்கொள்வது என்பதற்கு இந்த நாட்டில் இதைவிடத் துணிச்சலான ஏற்பாட்டை நான் அறியேன்.

2000ல் மாநகராட்சி சொத்து வரியிலும் ஒரு மாற்றம் கொண்டுவந்தது. வீட்டுக்காரரே தன் வீட்டை அளந்து, தானே வரியைக் கணக்கிட்டுக் கட்டலாம். இன்ஸ்பெக்டர் வந்து மதிப்புப் போடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. குடிமகன் தன் கணக்கைத் தானே எழுதுகிறான், மாநகராட்சியும் தன் கணக்கைத் தானே எழுதிப் படிக்கிறது. இரண்டும் ஒரே சமயத்தில் நடந்ததில் எனக்கு ஒரு நியாயம் தெரிகிறது.

2002 ஜூலையில் ஜனாக்கிரஹா, பப்ளிக் அஃபேர்ஸ் சென்டர் உள்ளிட்ட நான்கு அமைப்புகள் சேர்ந்து ப்ரூஃப் என்ற இயக்கத்தைத் தொடங்கின. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாநகராட்சி தன் வரவு செலவை வெளியிட வேண்டும். பட்ஜெட்டில் சொன்னது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று மக்கள் கூடி விவாதிக்க வேண்டும் என்பது திட்டம். கம்பெனிகள் பங்குதாரருக்குக் காலாண்டுக் கணக்குக் காட்டுகின்றனவே, அதே முறைதான். அதுவரை பட்ஜெட் என்பது ஆண்டுக்கு ஒருநாள் செய்தி. அதை ஆண்டுக்கு நான்கு முறை தெருவுக்குக் கொண்டுவந்தார்கள்.

2003ல் மூன்றாவது கார்டு. ஏறக்குறைய எல்லா அமைப்புகளின் மார்க்கும் பலமடங்கு ஏறியிருந்தது. லஞ்சம் குறைந்திருந்தது. ஒற்றை இலக்கத்தில் கிடந்த பிடிஏவும் மாநகராட்சியும் தலைநிமிர்ந்தன. கார்டு மட்டுமே இதைச் செய்தது என்று சாமுவேல் பால் தரப்பும் சொல்லவில்லை. கேட்பதற்கு ஒரு முதலமைச்சர் இருந்தார், செய்வதற்கு நல்ல அதிகாரிகள் இருந்தார்கள், எழுதுவதற்குப் பத்திரிகைகள் இருந்தன. கார்டு இவர்கள் எல்லோருக்கும் ஒரே எண்ணைக் கையில் கொடுத்தது. இதே முறை பெங்களூரைத் தாண்டி சென்னை, மும்பை, டெல்லி என்று பரவியது. பிலிப்பைன்ஸில் உலக வங்கி இதைக் கையிலெடுத்து, ஏழைகளுக்கான சேவைகளை அந்நாட்டு மக்களைக் கொண்டே மதிப்பிட வைத்தது.

ஆனால் டாஸ்க் ஃபோர்ஸில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அதன் உறுப்பினர்கள் அரசு நியமித்தவர்கள். அன்று மாநகராட்சியில் 100 வார்டுகள், 100 கார்ப்பரேட்டர்கள். ஓட்டுப் போட்டு மக்கள் அனுப்பிய அவர்களுக்கு அந்த மேடையில் இடமில்லை. நகரத்தின் மதிப்பீடு நகர மன்றத்தைச் சுற்றிக்கொண்டு போனது. 2004ல் ஆட்சி மாறியதும் குழு அடங்கிப்போயிற்று. கார்ப்பரேட்டர்கள் அதைத் தங்களுடையது என்று நினைத்திருந்தால், ஆட்சி மாறினாலும் நகர மன்றத்துக்குள் அது உயிரோடு இருந்திருக்கும்.

2007ல் சுற்றியிருந்த ஏழு நகரசபைகளும் ஒரு பட்டண சபையும் 110 கிராமங்களும் பழைய மாநகராட்சியோடு சேர்ந்து பிபிஎம்பி என்ற பெரிய மாநகராட்சி பிறந்தது. வார்டுகள் 198 ஆயின. லிங்கராஜபுரம் அப்போது 49ஆம் வார்டு. வார்டு கமிட்டிகள் வேண்டும் என்பதை 74ஆவது அரசியல் சட்டத் திருத்தமே சொல்லியிருந்தது, அதுவும் 1993ல் அமலுக்கு வந்தது. கர்நாடகச் சட்டத்தில் வார்டுக்கு ஒரு கமிட்டி என்பதற்கான வழி 2011ல் வந்தது, விதிகள் 2016ல். கார்ப்பரேட்டர் தலைவர், கூடப் பத்து உறுப்பினர்கள். அவர்களில் குறைந்தது மூவர் பெண்கள், இருவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர், இருவர் குடியிருப்போர் சங்கத்திலிருந்து. மாதம் ஒருமுறை கூட வேண்டும் என்றன அந்த விதிகள். 1994ன் கார்டு பிறந்த காரணத்துக்குச் சட்டம் கொடுத்த பதில் இதுதான். அலைந்தவர் அலைச்சலைச் சொல்ல, பதில் சொல்ல வேண்டியவர் எதிரே உட்கார, இரண்டுக்கும் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் இடம்.

2017ல் ஜனாக்கிரஹா 23 இந்திய நகரங்களின் நிர்வாக அமைப்பை எடைபோட்டது. பத்துக்கு 3.0 வாங்கி பெங்களூர் கடைசியில் நின்றது. முதலிடம் பிடித்த புனேவுக்கே 5.1 தான். இங்கே அளக்கப்பட்டவை சட்டம், திட்டமிடல், பணம், ஆள்பலம், மேயருக்கு உள்ள அதிகாரம், மக்களுக்கு உள்ள இடம். 2021 மார்ச்சில் மத்திய அரசு இரண்டு பட்டியல்களை ஒரே நாளில் வெளியிட்டது. வாழ்வதற்கு எளிதான பெருநகரம் எது என்ற பட்டியலில் பெங்களூர் முதல். மாநகராட்சிகளின் செயல்பாட்டுப் பட்டியலில் 51 பெருநகரங்களில் 31ஆம் இடம். ஊர் நன்றாக இருக்கிறது, ஊரை நடத்தும் சபை அப்படியில்லை என்று இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம். நான் அப்படித்தான் படிக்கிறேன். வேலை தேடி வந்தவர்களும் காலம் காலமாக இருப்பவர்களும் தங்கள் உழைப்பால் ஊரை உயர்த்தினார்கள். அவர்களுக்கு ஈடாக நிர்வாகம் வளரவில்லை.

அந்தப் பட்டியல்கள் வந்தபோது பெங்களூருக்கு நகர மன்றமே இல்லை. 2015ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2020 செப்டம்பர் 10ல் முடிந்தது. தேர்தல் வரவில்லை, நிர்வாக அதிகாரி பொறுப்பேற்றார். ஐந்து வருஷம் அப்படியே கடந்து, 2025 செப்டம்பரில் பிபிஎம்பியே கலைந்து, கிரேட்டர் பெங்களூர் ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகள் ஆயின. கார்ப்பரேட்டர் இல்லாத வார்டில் தெருவிளக்கு எரியவில்லை என்றால் இன்ஜினியரிடம் போகலாம். இந்த வருஷம் எத்தனை விளக்குப் போட வேண்டும், போட்டீர்களா என்று ஓட்டுரிமையோடு கேட்க ஆளில்லை. இந்த இழப்பை நாம் போதுமான அளவு சத்தமாகச் சொல்லவில்லை என்பது என் வருத்தம்.

சாமுவேல் பால் 2015ல் காலமானார். அவர் விட்டுப்போன கேள்வித்தாளுக்குப் பெரிய பணம் தேவையில்லை. லிங்கராஜபுரத்தில் கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள், குடியிருப்போர் சங்கங்கள் இருக்கின்றன, தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் கேட்டு எழுதத் தெரிந்தவர்கள் தெருவுக்கு நான்கு பேர் இருக்கிறார்கள். பிரதான சாலை வீடுகளோடு நிறுத்தாமல் சந்துகளுக்குள்ளும் போக வேண்டும். 1993ல் குடிசைப் பகுதிகளிலும் கேட்டதால்தான் அந்தக் கார்டுக்கு மதிப்பு. குப்பை வண்டி வாரத்தில் எத்தனை நாள் வந்தது, தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது, காத்தாவுக்கு எத்தனை தடவை அலைந்தீர்கள், யாருக்குப் பணம் கொடுத்தீர்கள். பதில்களைக் கூட்டி, வார்டு ஆபீஸ் வாசலில் ஒட்டி, ஒரு பிரதியைக் கமிஷனருக்கு அனுப்பி, ஆறு மாதம் கழித்து அதே வீடுகளுக்கு அதே கேள்விகளோடு போக வேண்டும்.