சுரப்பியில் தேடிய ஆசை

1889 ஜூன் 1 அன்று, பாரிஸ் உயிரியல் கழகக் கூட்டத்தில் 72 வயது சார்லஸ் எடுவார்ட் பிரவுன்-செக்கார் ஒரு செய்தி சொன்னார். நாய், கினிப்பன்றி விரைகளை நசுக்கி, நீர் சேர்த்து வடிகட்டி, அந்தச் சாற்றைத் தன் உடம்பில் ஊசியால் ஏற்றிக்கொண்டாராம். கைவலுவைக் கருவியால் அளந்தார், சிறுநீர் பாயும் தூரத்தைக்கூட அளந்தார், எல்லாம் கூடியிருந்தன. அவர் ஊரை ஏமாற்றும் வைத்தியர் அல்ல. அட்ரினல் சுரப்பி இல்லாமல் உயிர் தரிக்காது என்று 1856-லேயே காட்டிய பெரும் உடலியலாளர். அதனால்தான் அவர் சொல்லுக்கு அத்தனை மதிப்பு. வயதானால் ஆசை வற்றுவது விரைச்சாறு வற்றுவதால்தான் என்ற எண்ணம் அங்கிருந்து வேகமாகப் பரவியது. வியன்னாவில் உடலியலாளர் ஓய்கன் ஸ்டைனாக் விந்துக்குழாயைக் கட்டினால் இளமை திரும்பும் என்றார். 1923-இல் ஃபிராய்டும் 1934-இல் கவிஞர் யேட்ஸும் அந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டார்கள். 1920-இல் அறுவை மருத்துவர் செர்ஜ் வோரோனாஃப் குரங்கு விரையின் சீவல்களை மனிதருக்குள் ஒட்டத் தொடங்கினார்.

உண்மை 1935-இல் வெளிப்பட்டது. ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கர் குழுவினர் 100 கிலோ காளை விரையிலிருந்து பிரித்தெடுக்க முடிந்த டெஸ்டோஸ்டிரோன் என்ற விரை ஹார்மோன் வெறும் 10 மில்லிகிராம். போதாக்குறைக்கு, அது நீரில் கரைவதே அரிது. பிரவுன்-செக்காரின் ஊசியில் பலன் தரும் அளவுக்கு ஹார்மோன் இருந்திருக்க வழியே இல்லை. குழாயைக் கட்டுவதாலும் ஹார்மோன் பெருகுவதில்லை. ஆனாலும் இளமை மீண்டது, ஆசை துளிர்த்தது என்று பலர் மனமாரச் சொன்னார்கள். யேட்ஸும் அப்படித்தான் நம்பினார். இதைப் பொய் என்று தள்ளக்கூடாது. ஹார்மோன் கூடாமலே ஆசை கூடியது என்றால், ஆசை ஒரே சுரப்பியில் குடியிருக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேறு வேண்டுமா? நம்பிக்கை, அக்கறையோடு கவனிக்கும் மருத்துவர், அச்சம் விலகுவது எல்லாம் அங்கே வேலை செய்தன.

அப்படியானால் எல்லாமே மனசுதானா என்று கேட்கலாம். இல்லை, அது பழைய பிழையின் மறுபக்கம். விரைகள் சரியாகச் சுரக்காதவருக்கு ஆசை குறைவது உண்மை. அவருக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் மீள்வதும் உண்மை. அளவு சரியாக இருப்பவருக்கு மேலும் ஏற்றிப் பெரிய பலன் இல்லை என்பதுதான் விஷயம். பிட்யூட்டரிக் கட்டியால் புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடினாலும், தைராய்டு மந்தமானாலும், சர்க்கரை நோய் முற்றினாலும் நாட்டம் சுருங்கும். மனச்சோர்வு அதைக் குறைக்கிறது. மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகளில் பலவும் குறைக்கின்றன. தூக்கமின்மை, மது, வலி, கடன் கவலை, பேசித் தீராத மனத்தாங்கல் இவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இந்த வரலாற்றில் பெண்கள் ஏறத்தாழ இல்லவே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய குறை. ஆசைக் குறைவையே தனிப் பிரச்சினையாகப் பார்க்க வேண்டும் என்று மனநல மருத்துவர்கள் ஹெலன் சிங்கர் கப்லானும் ஹரால்ட் லீஃபும் எழுதியது 1977-இல். அமெரிக்க மனநோய்ப் பட்டியலில் அது ஏறியது 1980-இல். குழந்தை பெற்றுப் பாலூட்டும் பெண்ணுக்கு புரோலாக்டின் உயர்ந்து ஈஸ்ட்ரோஜன் தாழ்ந்திருக்கும். இரவுத் தூக்கமும் இருக்காது. அவளிடம் 'உனக்கு என்மேல் பிரியமில்லை' என்று சொல்வது அறியாமை. நெருக்கம் தொடங்கிய பிறகே பலருக்கு ஆசை எழுகிறது என்று மருத்துவர் ரோஸ்மேரி பேஸன் 2000-இல் விளக்கியதும் இங்கே உதவும். ஆசைக் குறைவை நோயாக்குவதே மருந்துக் கம்பெனி வேலை என்று சிலர் சொல்கிறார்கள். அந்த ஐயத்தில் நியாயம் உண்டு. சம்பந்தப்பட்டவருக்கே மனவருத்தம் இல்லையென்றால் குறைந்த ஆசை நோயாகாது. ஆனால் வருந்துகிறவரைக் கைவிட அந்த ஐயம் காரணமாகிவிடக் கூடாது.

நம் பேருந்து நிலையச் சுவர்களில் 'ஆண்மைக் குறைவு, நரம்புத் தளர்ச்சி' என்று ஒட்டியிருக்கும் நோட்டீஸ்கள் இன்றும் பிரவுன்-செக்கார் காலத்துக் கணக்கையே போடுகின்றன: ஒரு காரணம், ஒரு மருந்து. பாலின்பத் திறனைக் கூட்டுவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. நோட்டீஸில் உள்ள எண்ணைக் கூப்பிடாதீர்கள். சாப்பிடும் மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு, முடிந்தால் இருவருமாக, ஒரு பொது மருத்துவரிடம் போய்ப் பேசுங்கள்.