இரண்டாவது இருக்கை: விமானத்துக்குள் நுழைந்த பயிற்சி

போர்க்கருவியைப் பழகும் வசதியை அந்தக் கருவிக்குள்ளேயே அமைக்கும் வழக்கம் விமானத்துக்கு முன்பே துப்பாக்கியில் வந்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டிஷ் படையினர் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிக் குழலுக்குள் ‘மோரிஸ் குழாய்’ ஒன்றைச் செருகிச் சிறு தோட்டாக்களைச் சுட்டுப் பழகினர். துப்பாக்கி மாறவில்லை, தோட்டாச் செலவு குறைந்தது.

விமானத்தில் இந்த ஏற்பாடு இரட்டைக் கட்டுப்பாடாக உருவெடுத்தது. 1917இல் இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் ராபர்ட் ஸ்மித்-பாரி, ஆவ்ரோ 504 விமானத்தை வைத்துப் பயிற்சிமுறை ஒன்றை வகுத்தார். ஆசிரியருக்கும் மாணவருக்கும் தனித்தனிக் கட்டுப்பாட்டுக் கோல். ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும். இயந்திர இரைச்சலில் பேச, இருவருக்கும் இடையே ஒரு பேசுகுழாய்.

இந்திய விமானப்படை 1948இல் அம்பாலாவில் பறப்புப் பயிற்றுநர் பள்ளியைத் தொடங்கியது. 1954இல் அது தாம்பரத்துக்கு மாறியது. இங்கே படிப்பவர்கள் ஏற்கெனவே விமானிகள். கற்பிக்கக் கற்றுக்கொள்ளவே வருகிறார்கள். பெங்களூரில் எச்.ஏ.எல். நிறுவனம் உருவாக்கிய, 1951இல் முதன்முதலாகப் பறந்த எச்.டி.-2 பயிற்சி விமானத்தில் இருக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. 1964இல் பறந்த கிரண் ஜெட்டில் அவை பக்கத்தில் பக்கத்தில் அமைந்தன. மாணவரின் கை போகும் இடத்தை ஆசிரியர் நேராகவே பார்க்க முடிந்தது.

போர்விமானத்தில் இரண்டாவது இருக்கைக்கு இடம் கண்டுபிடிப்பது எளிதல்ல. 1963இல் இந்தியாவுக்கு வந்த மிக்-21இன் இரட்டை இருக்கை வகையில் ரேடார் இல்லை. அதன் பிந்தைய வடிவங்களில், பின்னால் அமர்ந்த ஆசிரியர் முன்பக்கத்தைப் பார்க்க ஒரு பெரிஸ்கோப்பைப் பொருத்தினார்கள். மாணவருக்குப் பறக்கும் பழக்கம் கிடைத்தது. ரேடாரில் எதிரியைத் தேடும் பழக்கம் கிடைக்கவில்லை.

அந்தக் குறையைக் கணினி தீர்த்தது. இந்தியா 2004இல் 66 ஹாக் பயிற்சி விமானங்களுக்கு ஒப்பந்தம் செய்தது. 2008இல் அவை பீதரில் பணியில் சேர்ந்தன. அதே குடும்பத்தைச் சேர்ந்த பிரிட்டனின் ஹாக் டி2 விமானத்தில் உண்மையான ரேடார் கிடையாது. ஆனால் திரையில் ரேடார் காட்சி தெரியும். இல்லாத எதிரி தோன்றுவான். ஏவாத ஏவுகணை இலக்கைத் தொட்டதா என்பதையும் கணினியே சொல்லும். கட்டுப்பாட்டுக் கோலைக் காத்து உட்கார்ந்திருந்த ஆசிரியரின் வேலையில், மாணவர் எதிர்கொள்ளவேண்டிய போர்ச்சூழலை அமைத்துக் கொடுப்பதும் இப்படிச் சேர்ந்துகொண்டது.